பழைய ஜி.எம். இனி ப்ளேயரா உட்காரப் போறார், நடத்தப் போறது நான். யோசனை சொல்லுங்க

#1 செம்பூர்க்காரி
வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ, இப்பதான் வாயைத் திறக்கறேன்.

மும்பை செம்பூர்ல எங்க வீட்டு ஹால்லதான் ஆட்டம். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமா பகடை உருட்டி ஆடற கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, ஒரே கேம்பெயின், அதாவது ஒரே தொடர்கதை, வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கு. நடத்தறவர், அதாவது ஜி.எம். (கேம் மாஸ்டர்), எங்க பில்டிங்லயே இருக்கற ஒரு அண்ணா. அவருக்கு ஆபீஸ்ல பொறுப்பு மாறிடுச்சு, தயார் பண்ண நேரமே கிடைக்கல. "கொஞ்ச நாள் நானும் சும்மா உட்கார்ந்து ஆடறேனே, வேற யாராவது நடத்துங்க"ன்னார். எல்லாரும் தரையைப் பாத்தாங்க. "சரி, ஒரே ஒரு ஒன் ஷாட் நான் நடத்தறேன்"னு சொல்லிட்டேன், ஒரே நாள்ல முடியற கதை.

ஆடப் போறது நாலு பேர். அந்த அண்ணா, என் நாத்தனார், காலேஜ் தோழி ஒருத்தி (மராத்திக்காரி, தமிழ் புரியும், பதில் ஹிந்தில வரும்), டோம்பிவிலிலேர்ந்து வர்ற ஒரு தம்பி. தம்பி மூணு மணி நேரம் உட்கார்ந்தா மூணு வாக்கியம் பேசுவான்.

கதைக்கு நான் பிடிச்சது 1944 ஏப்ரல் 14, பம்பாய்த் துறைமுகத்து விக்டோரியா டாக் வெடிப்பு. ஃபோர்ட் ஸ்டிக்கின்ங்கற கப்பல்ல வெடிமருந்து, பஞ்சு பேல், தங்கக்கட்டி எல்லாம் ஒண்ணா வந்து நிக்குது. மத்தியானம் ரெண்டு மணி வாக்குல புகை தெரியுது. நாலு மணி ஆறு நிமிஷத்துக்கு வெடிக்குது. அதுக்குள்ள தங்கத்தைக் கிளப்பப் போற கும்பல்தான் ப்ளேயர்ஸ். எப்படி இருக்கு?

எந்த ரூல்ஸ் எடுக்கறதுன்னு தெரியல. அதைவிட பெரிய கவலை அண்ணா. ரூல் புக் பக்க எண்ணோட சொல்வார், அவர் எதிர்ல உட்கார்ந்து நான் எப்படி நடத்தறது? அப்புறம், முடிவு எல்லாருக்கும் தெரிஞ்ச கதைல "நாங்க என்ன பண்ணாலும் கப்பல் வெடிக்கத்தானே போகுது"ன்னு சலிப்பு வந்துடுமோ?

#2 ரோல்20வரலை
முதல் தடவையே வரலாறா! அக்கா, ரெடிமேட் அட்வெஞ்சர் ஒண்ணை எடுங்க. குகை, கோப்ளின்ங்கற குட்டிப் பூதம், புதையல். சுபம்.

#3 டோம்பிவிலி ஃபாஸ்ட்
மேல சொன்னதுக்கு நேர் எதிரா சொல்றேன். அச்சடிச்ச அட்வெஞ்சரை நடத்தணும்னா அடுத்தவன் யோசிச்சதை முழுக்க மனசுல ஏத்தணும். டேபிள்ல ஒருத்தன் "அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன"ன்னு கேட்டா நீங்க பக்கம் புரட்டிட்டிருப்பீங்க. சொந்தச் சரக்குன்னா அந்தத் தொல்லை இல்ல, தெரியாததை அங்கயே முடிவு பண்ணிக்கலாம். அதோட அண்ணன் அந்த ரெடிமேட் எல்லாத்தையும் ஏற்கெனவே படிச்சிருப்பார்.

ஒண்ணு மட்டும்: அவரோட கேம்பெயின் உலகத்துப் பக்கமே போயிடாதீங்க. அவர் நடத்தினதோட ஒப்பிட்டுப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. அந்த வகையில 1944 ரொம்ப நல்லது.

#4 பகடைப் பைத்தியம்
பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். ரூல்ஸ் பற்றி மட்டும்.

டி அண்ட் டியை இந்தக் கதைக்கு எடுக்காதீர்கள். அதன் கணக்கே வேறு. ஃபயர்பால் மந்திரம் என்றால் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28 டேமேஜ். ஐந்தாம் லெவல் ஃபைட்டரிடம் நாற்பது சொச்சம் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) இருக்கும், வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றில் வாளை வீசுவான். வீர சாகசத்துக்கு அது சரி. ஆயிரத்து நானூறு டன் வெடிமருந்துக்குப் பக்கத்தில் நிற்கும் டாக் கூலிக்கு அந்தக் கணக்கு சிரிப்பாக இருக்கும்.

சாதாரண மனிதர்கள், ஆபத்து, விசாரணை என்றால் 1981லிருந்து கால் ஆஃப் கத்துலு என்ற ஆட்டம் இருக்கிறது. நூறுக்குள் பகடை, உங்கள் திறமை எண்ணுக்குக் கீழே விழுந்தால் வெற்றி. புரியவைப்பது சுலபம். ஆனால் ஒரே மாலைக்கு அந்தக் கேரக்டர் தாளே (கதாபாத்திரத்தின் திறமைகளை எழுதும் தாள்) அதிகம்.

நானாக இருந்தால் இரண்டு ஆறுமுகப் பகடை முறைதான். உருட்டிக் கூட்டு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் ஏதோ ஒரு விலை உண்டு. 6, அதற்குக் கீழே என்றால் நிலைமை மோசமாகும். மொத்தம் 36 சேர்க்கையில் முழு வெற்றி 6, விலையோடு வெற்றி 15, தோல்வி 15. தனக்குக் கைவந்த வேலை என்றால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். அப்போது அதே கணக்கு 10, 16, 10 ஆகிவிடும். இரண்டு கூட்டினால் 15, 15, 6. அதற்கு மேல் யாருக்கும் கொடுக்காதீர்கள், பகடைக்கு வேலையில்லாமல் போகும்.

#5 செம்பூர்க்காரி
பகடை சார், நன்றி. ஆனா பாதி நேரம் "விலையோடு வெற்றி" வரும்னா, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு விலையை நான் அங்கயே யோசிக்கணுமே? மூளை நின்னுடாதா?

#6 பகடைப் பைத்தியம்
உங்கள் கதையிலேயே தயாராக ஒரு விலை இருக்கிறது: நேரம்.

ரெண்டு மணியிலிருந்து நாலு ஆறு வரை 126 நிமிடம். ஒரு பெரிய தாளில் வட்டம் போட்டு எட்டுத் துண்டாக்குங்கள். ஒரு துண்டு கிட்டத்தட்ட கால் மணி நேரம். வேறு விலை தோன்றாதபோதெல்லாம் ஒரு துண்டை ஸ்கெட்ச் பேனாவால் அடைத்துவிடுங்கள். எட்டும் அடைந்தால் நாலு ஆறு. தாள் எல்லார் கண்ணிலும் படும்படி நடு மேசையில் இருக்கட்டும். ஆறாவது துண்டு அடையும்போது பாருங்கள், யாரும் செல்போனைத் தொடமாட்டார்கள்.

#7 கோலிவாடா தாத்தா
இந்த விளையாட்டெல்லாம் எனக்குத் தெரியாது. பேரன் இங்கே கணக்கு வைத்திருக்கிறான், அவன் காட்டியதால் படித்தேன். அவன் கணக்கிலிருந்தே எழுதுகிறேன்.

என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்து டாக்கில் பாரம் தூக்கியவர். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை பிரின்ஸஸ் டாக்கில். பிழைத்தார். கூடத் தங்கியிருந்தவர்கள் சிலர் திரும்பவில்லை. செத்தவர்கள் கணக்கு எண்ணூறு என்றும் ஆயிரத்து முந்நூறு என்றும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். கூலிக்காரனுக்கு அன்றைக்கு யார் பெயர் எழுதி வைத்தார்கள்? தீயணைப்புக்காரர்கள் மட்டும் 66 பேர். இன்றைக்கும் ஏப்ரல் 14ஐத் தீயணைப்புப் பணி நாள் என்று நாடு முழுக்க அனுசரிப்பது அவர்களுக்காகத்தான்.

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை அம்மா. தங்கத்தை அடிக்கப் போகும் கும்பல் என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. அத்தனை பேர் எரிந்த இடத்தில் ஆடுபவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சிரித்துக்கொண்டிருந்தால், பார்க்கிற எனக்கு என்ன தோன்றும்?

#8 ரோல்20வரலை
தாத்தா, டைட்டானிக் பத்தி எத்தனை கேம் வந்திருக்கு. கதைன்னா எல்லாம் இருக்கும்தானே. கேம் அது.

#9 முலுண்ட் மாமி
தம்பி, பெரியவர் "வேண்டாம்"னு சொல்லல. எதுக்கு ஆடறோம்னு கேக்கறார். ரெண்டும் வேற வேற.

#10 செம்பூர்க்காரி
தாத்தா, நீங்க எழுதினதை நாத்தனாருக்கும் படிச்சுக் காட்டினேன். அவளும் அதையேதான் சொன்னா: "பணம் அடிக்கற கதைன்னா எனக்கு பேங்க் போதும், டாக் எதுக்கு?"

தங்கம் கப்பல்லயே இருக்கட்டும், 124 கட்டி, அது நிஜம். ஆனா ஆட்டம் அதைப் பத்தி இல்ல. டாக்ல அன்னைக்கு வேலைக்கு வந்த நாலு பேர். ஒவ்வொருத்தருக்கும் உள்ள எங்கயோ தன்னோட ஆள் ஒருத்தர் இருக்கார். நாலு ஆறுக்குள்ள யாரை கேட்டுக்கு வெளில கொண்டு வர முடியும்? அவ்வளவுதான். தங்கத்தைத் தேடிப் போறவங்க போகட்டும், நேரம்தான் வீணாகும்.

தாத்தா, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா அந்த டாக் எப்படி இருக்கும்னு அப்பா சொன்னது ஏதாவது சொல்லுங்களேன். பேர்களும் வேணும். எனக்கு அப்போதைக்கு வாய்ல வர்ற பேரெல்லாம் சீரியல் பேரா இருக்கு.

#11 கோலிவாடா தாத்தா
மாற்றியதில் சந்தோஷம்.

பஞ்சு பேலைக் கையால் பிடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார்கள், அதைக் குத்தி இழுப்பது. என் அப்பா கொக்கியை வேட்டி மடிப்பில் சொருகி வைத்திருப்பாராம், வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் அதைத்தான் வாங்கி வெளியே வைப்பாள். ஆட்களைக் கட்டி மேய்ப்பவன் முக்காதம். அவன் பேர் கொடுத்தால்தான் அன்றைக்குக் கூலி. எனவே புகை வந்தாலும் முக்காதம் சொல்லாமல் கிளம்பினால் அரை நாள் சம்பளம் போச்சு. ஓடாமல் ஏன் நின்றார்கள் என்று உங்கள் ஆட்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வெடிமருந்து ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். அன்றைக்கு அந்தக் கப்பலில் கட்டியிருக்கவில்லை. கரையில் நின்றவனுக்கு அது பஞ்சுக் கப்பல், பஞ்சு பற்றியெரிகிறது, அவ்வளவுதான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் நின்றது.

பெயர்கள்: சுடலைமுத்து, இசக்கி, துக்காராம், அந்தோணி, இப்ராஹிம். எல்லாச் சாதியும் மதமும் கலந்த இடம் அது.

#12 டோம்பிவிலி ஃபாஸ்ட்
தாத்தா, எந்த கைட் புக்லயும் இப்படி ஒரு பத்தி வராது. முக்காதம் விஷயம் ஒண்ணே போதும், அரை ஆட்டம் ஓடிடும்.

#13 முலுண்ட் மாமி
அண்ணா விஷயத்துக்கு வரேன். என் ரெண்டு பசங்களுக்கும் அவங்க ஃப்ரெண்ட்ஸுக்கும் நான்தான் ஜி.எம். ஒரு தடவை பெரியவன் நடத்தினான், நான் ப்ளேயர். என் வாய் சும்மா இருக்கல. "அது அப்படி இல்லடா கண்ணா"ன்னு திருத்திட்டே இருந்தேன். நாட்டாமை பண்ணின கைக்கு வேலை இல்லன்னா வாய்க்குப் போயிடும்.

அதனால வேலை குடுங்க. அந்த வட்டக் கடிகாரம் இருக்கே, அது அண்ணா கையில. நீங்க "ஒரு துண்டு"ன்னா அவர்தான் அடைக்கணும். அப்புறம் புது ரூல்ஸ் எடுக்கறது அதுக்கும் நல்லது. அவருக்கு மனப்பாடமானது எதுவும் அங்க செல்லாது, எல்லாரும் ஒண்ணாங்கிளாஸ். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாடி தனியாக் கூப்பிட்டு, "சந்தேகம் வந்தா நான் உங்களைக் கேப்பேன், நான் கேக்காம நீங்க சொல்லாதீங்க"ன்னு சிரிச்சிட்டே சொல்லிடுங்க. நல்ல மனுஷன்னா நிம்மதியாத்தான் உணருவார். ஓய்வு கேட்டதே அவர்தானே.

#14 ரோல்20வரலை
ஸ்க்ரீன் (ஜி.எம். முன்னாடி நிக்கற மறைப்பு அட்டை) வெச்சுக்கோங்க அக்கா. பகடையை உள்ள உருட்டி, கதைக்குத் தேவையான நம்பரைச் சொல்லிடுங்க. எல்லா ஜி.எம்.மும் பண்றதுதான்.

#15 பகடைப் பைத்தியம்
எல்லா ஜி.எம்.மும் செய்வதில்லை. நான் செய்வதில்லை. பொய் நம்பர் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், அதற்குப்பின் நிஜமாகவே விழுந்த 12ஐயும் நம்பமாட்டார்கள்.

#16 டோம்பிவிலி ஃபாஸ்ட்
சார், அவ்வளவு கறாரா வேண்டாம். புது ப்ளேயர் முதல் பத்து நிமிஷத்துல துரதிர்ஷ்டத்துல செத்துப் போனா, மீதி நேரம் சமோசா சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்கணுமா? நான் ஒரு தடவை அப்படி ஒரு பொண்ணுக்காக நம்பரை மாத்தினேன். அவ இன்னைக்கு வரைக்கும் எங்க குரூப்ல ஆடறா. எனக்கு வருத்தமே இல்ல.

#17 பகடைப் பைத்தியம்
அந்தப் பெண்ணைக் காப்பாற்றியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காப்பாற்றும் இடம்தான் தவறு என்கிறேன். உருட்டுவதற்கு முன்னாலேயே "இதில் தோற்றால் சாவு இல்லை, கால் மாட்டிக்கொள்ளும், யாராவது வந்து எடுத்துவிட வேண்டும்" என்று சொல்லியிருந்தால், விழுந்ததை அப்படியே வைத்துக்கொண்டு அதே பெண்ணைக் காப்பாற்றியிருக்கலாம். சாவு பொருந்தாத இடத்தில் சாவைப் பந்தயமாக வைத்துவிட்டு, பிறகு பகடையை மாற்றுவது எதற்கு?

#18 டோம்பிவிலி ஃபாஸ்ட்
ம்ம். அது சரியான பேச்சு. டி அண்ட் டில ஹிட் பாயின்ட்தான் அதை முடிவு பண்ணும், உங்க ரெண்டு பகடை ஆட்டத்துல முன்னாடியே பேசிக்கலாம். ஆனா கோப்ளின் அம்பு விட்ட பிறகு "இது சாகடிக்காத அம்பு"ன்னு சொல்ல முடியாது. ஒத்துக்கறீங்களா?

#19 பகடைப் பைத்தியம்
ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஒன் ஷாட்டுக்கு டி அண்ட் டி வேண்டாம் என்றேன். சுற்றி அங்கேயே வந்துவிட்டோம்.

#20 அணுசக்தி நகர்
பக்கத்துல இருந்துட்டு இவ்வளவு நாள் தெரியாம போச்சே. செம்பூர்க்காரி, உங்க மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

நாலு ஆறுக்கு வெடிக்கும்னு ஆட்டம் தொடங்கும்போதே ப்ளேயர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. "கப்பலைக் காப்பாத்த முடியாது, அதை நான் மாத்த மாட்டேன், மத்தது எல்லாம் உங்க கையில"ன்னு நேரா. தண்டவாளம் மாதிரி இழுத்துட்டுப் போறாங்கன்னு ப்ளேயர் எப்போ கடுப்பாவான்? தன் கையில இருக்குன்னு நம்பி ஒண்ணரை மணி நேரம் தீயை அணைச்சிட்டு, கடைசில எதுவுமே தன் கையில இல்லன்னு தெரிஞ்சா. முன்னாடியே தெரிஞ்சா அந்த ஒண்ணரை மணி நேரத்தை வேற எங்கயாவது செலவு பண்ணுவான். கேரக்டருக்குத் தெரியாது, ஆடறவனுக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் வயித்தைக் கலக்கும்.

#21 ரோல்20வரலை
சஸ்பென்ஸ் போயிடுமே.

#22 அணுசக்தி நகர்
"வெடிக்குமா"ங்கற சஸ்பென்ஸ் போகும். தேதியைச் சொன்னவுடனே தேடிப் பாத்துட்டா அது எப்படியும் போயிடும். "சுடலைமுத்து வெளில வந்தானா" எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

#23 முலுண்ட் மாமி
தயாரிப்புக்கு ஒரு வார்த்தை. காட்சி காட்சியா எழுதாதீங்க, ரெண்டாவது காட்சிலயே அவங்க வேற பக்கம் போயிடுவாங்க. இடம் அஞ்சாறு, ஆள் அஞ்சாறு. ஒவ்வொரு ஆளும் ப்ளேயர்ஸ் ஒண்ணுமே பண்ணாட்டி மூணு மணிக்கு எங்க இருப்பார், மூணே முக்காலுக்கு எங்க இருப்பார்னு ஒரு வரி. அது இருந்தா எங்க போனாலும் உங்களுக்குத் தெரியும்.

நடுவுல ஒரு அட்டையில பெருக்கல் குறி போட்டு வெச்சுடுங்க. யாருக்காவது தாங்க முடியலன்னா தொட்டாப் போதும், அந்த இடத்தைத் தாண்டிப் போயிடணும், ஏன்னு கேக்கக் கூடாது. உங்க கதைல தீ, குழந்தைங்க எல்லாம் வரும். வெளிநாட்டுப் பழக்கம்னு கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும்.

#24 டோம்பிவிலி ஃபாஸ்ட்
ஞாயித்துக்கிழமைன்னா மெகா பிளாக் (பராமரிப்புக்காக லோக்கல் ரயிலை நிறுத்தறது) அட்டவணையைப் பாத்துட்டு நேரம் வைங்க. உங்க தம்பி குர்லால இறங்கி ஹார்பர் லைன் மாறணும். பிளாக் இருந்தா மத்தியானம் முழுக்க வண்டி இல்ல, ஆட்டோக்காரன் சொத்தை எழுதிக் கேப்பான். சாயங்காலம் அஞ்சுக்கு மேல வைங்க.

அந்த வாய் திறக்காத தம்பிக்கு: "நீ என்ன பண்ற?"ன்னு கேக்காதீங்க. பெரிய கேள்வி அது, கூச்சக்காரன் உறைஞ்சு போவான். சின்னதா, கைக்கு அடங்கற கேள்வியா கேளுங்க.

#25 செம்பூர்க்காரி
எல்லாம் எழுதி வெச்சுக்கிட்டேன். நாலு கேரக்டர் தாள் தயார்: பேல் தூக்கறவர், சரக்குக் கணக்கு எழுதற டாலி கிளார்க், தீயணைப்பு வீரர், டாக் கான்ஸ்டபிள். கிளார்க்குக்கு மட்டும் கையில நிஜமாவே ஒரு சரக்குப் பட்டியல், டீத்தூள் தண்ணில நனைச்சு காயவெச்சு பழசாக்கினேன். ஹால் முழுக்க டீ வாசனை, மாமியார் ஒரு மாதிரியா பாத்தாங்க.

முடிஞ்சதும் வந்து சொல்றேன்.

#26 செம்பூர்க்காரி
முடிஞ்சுது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

அணுசக்தி நகர் சொன்னபடி முதல்லயே சொன்னேன்: நாலு ஆறு மாறாது. தோழி உடனே "தோ ஃபிர் கேல்னா க்யா ஹை?"ன்னா (அப்புறம் ஆடறதுக்கு என்ன இருக்கு?). "யாரைக் கூட்டிட்டு வர்றேங்கறதுதான்"னேன். ஒரு மாதிரி தலையாட்டினா. அண்ணாகிட்ட பேனாவைக் குடுத்ததும் அவர் முகத்தைப் பாக்கணுமே, மாமி! பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். கடைசி வரை ஒரு ரூல் கூட பேசல. ஒரே ஒரு தடவை "பகடை மேசைல இருந்து விழுந்துடுச்சு, திரும்ப உருட்டலாமா"ன்னு நான்தான் அவரைக் கேட்டேன்.

முதல் அரை மணி நேரம் நகரவே இல்ல. நாத்தனார் டாக் கேன்டீன்ல டீக்கு அணா கணக்கு பேசிட்டிருந்தா. நான் அவசரப்படுத்தல. சும்மா டீ குடிச்சிட்டிருந்த ஆளுங்க இருக்கற இடம்னு அப்பத்தான் அது மனசுல நின்னுச்சு.

தம்பி விஷயம். அவன்தான் பேல் தூக்கறவர், பேர் இசக்கி. புகை வந்தாச்சு, எல்லாரும் பேசறாங்க, இவன் மட்டும் பகடையை உருட்டி உருட்டிப் பாத்துட்டிருக்கான். "இசக்கி, உன் கொக்கி எந்தக் கையில இருக்கு?"ன்னு கேட்டேன். நிமிர்ந்து பாத்தான். "கையில இல்ல. பேல்ல குத்தி விட்டுட்டேன்"னான். "ஏன் விட்ட?" "பேல் சூடா இருந்துச்சு." எனக்கே தெரியாத விஷயம் அது. எல்லாரும் அவன் பக்கம் திரும்பிட்டாங்க. அப்புறம் அவனே எழுந்து நின்னு சொன்னான், முக்காதம்கிட்ட போய் ஆளுங்களை விடச் சொல்லப் போறேன்னு. உருட்டறதுக்கு முன்னாடி சொன்னேன்: தோத்தா முக்காதம் கூலியைப் பிடிச்சுக்கிட்டு உன்னையே திரும்ப கப்பல்ல ஏத்துவான். நாலும் மூணும் விழுந்துச்சு, ஒண்ணு கூட்டி எட்டு. விலையோட வெற்றி. விலையை அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன்: ஒரு துண்டு நேரமா, இல்ல பாதி ஆள் மட்டும் வெளில வரலாமா? ரொம்ப நேரம் யோசிச்சு நேரத்தைக் குடுத்தான். அண்ணா அடைச்சார். அது ஆறாவது துண்டு. பகடை சார் சொன்னது சரி, செல்போன் எல்லாம் கவுந்து கிடந்துச்சு.

தோழிதான் தீயணைப்பு வீரர். குழாயோட உள்ள நின்னா. வெளில வர வாய்ப்பு இருந்துச்சு, நான் ரெண்டு தடவை கேட்டேன். "மை யஹீன் ரஹூங்கி"ன்னா (நான் இங்கயேதான் இருப்பேன்). அந்த 66 பத்தி அவளுக்கு ஸ்கூல்லயே தெரியுமாம். நாலு ஆறு.

இப்ப முக்கியமான இடம். நிஜத்துல ரெண்டு வெடிப்பு. முதல்ல கப்பல் ரெண்டா உடையுது, சிம்லா நிலநடுக்கக் கருவில கூட பதிவாச்சு. நாலு முப்பத்தி நாலுக்கு பின்பக்கம் வெடிக்குது. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. முதல் வெடிப்பு முடிஞ்சதும் எல்லாரும் "அவ்வளவுதான், முடிஞ்சுது"ன்னு மூச்சு விட்டாங்க. அண்ணாவோட கான்ஸ்டபிள் அடிபட்டவங்களைத் தூக்கத் திரும்ப உள்ள போறார். இசக்கியும் கூட. நான் ஒண்ணும் சொல்லாம புதுசா ஒரு வட்டம் போட்டேன், நாலு துண்டு. அண்ணா "இது எதுக்கு?"ன்னார். நான் பதில் சொல்லல. கிளார்க்கா ஆடின நாத்தனார் அந்த டீக்கறைத் தாளை எடுத்துப் பாத்தா. வாசிச்சா. திரும்ப வாசிச்சா. "ஐயோ, நாலாம் அறைலயும் வெடிமருந்துன்னு எழுதியிருக்கு! வெடிச்சது முன்னாடி அறைதானே? பின்னாடி அப்படியேதான் இருக்கு!"ன்னு கத்தினா பாருங்க, கீழ் ஃப்ளாட்ல லைட் போட்டுட்டாங்க.

மூணாவது துண்டுல இசக்கி ரெண்டு பேரை இழுத்துட்டு கேட் தாண்டினான். கான்ஸ்டபிளுக்கு உருட்டினது அஞ்சு. தோத்தா என்னன்னு அதையும் முன்னாடியே சொல்லியிருந்தேன், அண்ணாவே தலையாட்டி ஒத்துக்கிட்டுத்தான் உருட்டினார்.

#27 ரோல்20வரலை
கீழ் ஃப்ளாட் 😂
ஆனா ஒரு கேள்வி. மாறாததை எல்லாம் முன்னாடியே சொல்லணும்னு முடிவாச்சு. ரெண்டாவது வெடிப்பும் மாறாததுதானே? அதை மறைச்சது நியாயமா?

#28 பகடைப் பைத்தியம்
நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன்.

#29 செம்பூர்க்காரி
நியாயம்னுதான் நினைக்கறேன். பட்டியல் ஆரம்பத்துல இருந்தே நாத்தனார் கையில இருக்கு. ரெண்டு அறைலயும் வெடிமருந்துன்னு மை வெச்சு எழுதியிருக்கு. யார் வேணா எப்ப வேணா வாங்கிப் படிச்சிருக்கலாம். வட்டத்தையும் எல்லார் கண்ணு முன்னாடிதான் போட்டேன். நான் சொல்லலயே தவிர, அவங்க எட்ட முடியாத இடத்துல ஒளிக்கல.

#30 அணுசக்தி நகர்
நான் செம்பூர்க்காரி பக்கம். அந்தத் தாள் இல்லாம நாலு முப்பத்தி நாலுக்கு வெடிச்சிருந்தா ஜி.எம். பழி வாங்கின மாதிரி இருந்திருக்கும்.

#31 பகடைப் பைத்தியம்
தாள் இருந்தது என்பதால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே இடத்தில் ஒரே துப்பு என்பது ஆபத்து. நாத்தனார் அன்றைக்கு அதை மடித்துப் பையில் வைத்திருந்தால்? ஒரு விஷயம் ப்ளேயருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மூன்று வழியிலாவது எட்டும்படி வைக்க வேண்டும். கான்ஸ்டபிளிடம் ஒரு துறைமுக உத்தரவு, கரையில் ஒரு மாலுமி புலம்புவது, இப்படி. அடுத்த முறை நடத்துகிறவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#32 கோலிவாடா தாத்தா
படித்தேன். திரும்ப உள்ளே போனவர்கள் பற்றி அப்பாவும் சொல்வார். கான்ஸ்டபிளாக ஆடியவரிடம் என் வணக்கத்தைச் சொல்லவும். பேரன் தானும் ஆட வேண்டும் என்கிறான், சயானில் யாராவது ஆடுகிறார்களா?

#33 முலுண்ட் மாமி
ஐயா, பேரனை முலுண்டுக்கு அனுப்புங்க, சனிக்கிழமை சாயங்காலம். சென்ட்ரல் லைன்ல நேரா ஒரே வண்டி. சாப்பாடு நம்ம வீட்லதான்.

#34 டோம்பிவிலி ஃபாஸ்ட்
செம்பூர்க்காரி, கேரக்டர் தாள் நாலையும் அந்தப் பட்டியலையும் இங்க போடுங்க. எங்க குரூப்ல ஆறு பேர், இன்னும் ரெண்டு கேரக்டர் வேணும். டீ விக்கற பையன் ஒண்ணு, நர்ஸ் ஒண்ணு நான் எழுதிக்கறேன். ஆறு பேருக்கு எட்டுத் துண்டு பத்துமா பகடை சார்?

#35 பகடைப் பைத்தியம்
பத்தாது. ஆறு பேர் உருட்டினால் ஒரு சுற்றிலேயே இரண்டு மூன்று துண்டு போய்விடும். பன்னிரண்டாக்குங்கள், ஒரு துண்டு பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும்.

#36 செம்பூர்க்காரி
தாள் எல்லாம் போட்டோ எடுத்து ராத்திரி ஏத்தறேன். மூணு வழி யோசனையையும் பட்டியலுக்குக் கீழ எழுதிடறேன்.

அடுத்த ஆட்டம் நாத்தனார் நடத்தறாளாம். பேய்க் கதை, மாட்டுங்கா சால் (ஒண்டுக்குடித்தனக் கட்டடம்) ஒண்ணுல. அண்ணா இன்னும் ப்ளேயர்தான், "பேனா எனக்குத்தானே?"ன்னு இப்பவே கேட்டுட்டார்.